விளையாட்டறைக்கு நான்கு அடி போதும்



உங்கள் வீட்டில் நான்கைந்து வயதுத் தம்பியோ தங்கையோ இருக்கிறார்களா? இல்லாவிட்டால் அடுத்த வீட்டிலாவது ஒரு வாண்டு இருக்கத்தான் செய்யும். "இது என் இடம், இங்கே நான் எதையும் உருட்டலாம், கவிழ்க்கலாம்" என்று சொல்லிக்கொள்ள அந்தக் குழந்தைக்கு வீட்டில் ஓர் இடம் உண்டா?

"இருப்பதே இரண்டு அறை, அதுவும் வாடகை வீடு. விளையாட்டறைக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விளையாட்டறை என்றதும் வண்ணம் தீட்டிய சுவரும், பொம்மை நிறைந்த அலமாரியும், பிளாஸ்டிக் சறுக்குமரமும் நம் நினைவுக்கு வந்துவிடுகின்றன. நான் சொல்வது நான்கு அடி நீளமும் நான்கு அடி அகலமும் உள்ள ஒரு மூலை. ஒரு பழைய பாயை மடித்து விரிக்கும் அளவு இடம், அவ்வளவுதான். அந்த மூலையை அமைக்கும் பொறுப்பை நீங்களே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. அதை நிரப்புவதற்குக் கடையில் விற்கும் விலையுயர்ந்த பொம்மைகளைவிட நம் வீட்டில் கழித்துப் போடும் பொருள்களே மேல் என்பதும் என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். சரிதானா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள்.

எது நல்ல பொம்மை?

பேட்டரியில் ஓடும் பொம்மைக் காரை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தினால் ஓடும், விளக்கு மின்னும், பாட்டும் பாடும். முதல் நாள் குழந்தை அதை விட்டு அகலாது. சில நாட்களில் அந்தக் கார் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். எல்லா வேலையையும் பொம்மையே செய்துவிடுவதால் குழந்தைக்கு மிஞ்சுவது பொத்தானை அழுத்தும் வேலை ஒன்றுதான். ஆனால் அந்தக் கார் வந்த அட்டைப்பெட்டி என்ன ஆகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? காலையில் அது பேருந்து, மதியம் கடை, மாலையில் பூனைக்குட்டியின் வீடு!

இங்கிலாந்தைச் சேர்ந்த சைமன் நிக்கல்சன் என்பவர் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் இடத்தில் எத்தனை மாறிகள் இருக்கின்றன, அவை எத்தகையவை என்பதைப் பொறுத்தே அங்கு கண்டுபிடிக்கும் ஆற்றலும் படைப்பாற்றலும் அமையும் என்பது அவர் வாதம். மாறி என்ற சொல் உங்களுக்கு இயற்கணிதத்தில் பழக்கமானதே. பொம்மைக் காருக்கு ஒரே மாறி. அதற்கு இரண்டே மதிப்புகள்: ஓடுவது, நிற்பது. வெவ்வேறு வடிவமுள்ள பத்து மரக்கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஒரே வரிசையில் வைப்பதற்கு மட்டும் 36,28,800 வழிகள் இருக்கின்றன! பக்கவாட்டில் வைப்பதையும், மேலே அடுக்குவதையும், பாலம் கட்டுவதையும் சேர்த்தால் கணக்கு எங்கோ போய்விடும். எனவே பொம்மைக்கு நான் வைக்கும் தேர்வு எளியது. விலைச் சீட்டைப் பார்க்காதீர்கள். "இதைக் கொண்டு குழந்தை எத்தனை விதமாக விளையாடலாம்?" என்று கேளுங்கள்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. நிக்கல்சனுக்கு முன்பே டென்மார்க்கில் சோரன்சன் என்ற தோட்ட வடிவமைப்பாளர் ஒன்றைக் கவனித்தார். தாம் அழகாக அமைத்துத் தந்த விளையாட்டுத் திடல்களை விட்டுவிட்டுக் குழந்தைகள் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் பழைய சாமான் குவியல்களிலும் விளையாடப் போவதை அவர் கண்டார். அவருடைய யோசனைப்படி 1943இல், நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்த காலத்தில், கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில் பழைய சாமான்களைக் கொண்டே ஒரு திடல் திறக்கப்பட்டது. அதைப் பின்பற்றிப் பிற நாடுகளிலும் இத்தகைய திடல்கள் தோன்றின.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் கிராமப் பள்ளிகளில் 1972இல் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளரான அரவிந்த் குப்தா அதில் பங்கேற்றுத் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மருந்து நீக்கிய தீக்குச்சிகளை டியூப் துண்டுகளில் செருகி ஒரு முக்கோணமும் ஒரு சதுரமும் செய்து பாருங்கள். சதுரம் சாய்ந்து சாய்ந்து ஆடும். முக்கோணம் அசைந்து கொடுக்காது. இரும்புப் பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்பது அப்போது விரலுக்கே புரிந்துவிடும்.

தயங்கும் கைகள்

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். திருப்புத்திறனின் இலக்கணத்தைப் பிழையின்றி எழுதும் முதலாண்டு மாணவர்கள் பலர் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையில் எடுக்கத் தயங்குகிறார்கள். "உடைந்துவிடுமோ?" என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. "தொடாதே, கெடுத்துவிடுவாய்" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த கைகள் அவை. பெண் பிள்ளைகளிடம் இந்தத் தயக்கம் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. இதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று நான் நம்பவில்லை. தம்பிக்கு லாரி, தங்கைக்குச் சொப்புச் சாமான் என்று நாம் பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். சொப்பில் ஊற்றி அளந்து விளையாடுவதும் அறிவியல்தான். லாரியைக் கழற்றிப் பார்ப்பதும் அறிவியல்தான். உங்கள் மூலையில் இரண்டும் இருக்கட்டும். இரண்டும் இருவருக்கும் இருக்கட்டும்.

இப்போது பல வீடுகளில் அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைத் திணித்துவிடுகிறார்கள். இரண்டு முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைகள் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் நேரம் நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அந்த நேரம் குறைந்தால் இன்னும் நல்லது என்றும் அது சொல்கிறது. ஆனால் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு உட்கார் என்றால் எந்தக் குழந்தை கேட்கும்? பதிலுக்குக் கொடுக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டாமா?

நான்கு பெட்டிகள்

மளிகைக் கடையில் நான்கு அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வையுங்கள்.

முதலாவது, உருள்பவை. தீர்ந்துபோன நூல்கண்டின் உருளை, பெரிய டப்பா மூடிகள், பழைய பந்து ஆகியவை இதில் சேரும். இவற்றோடு ஒரு பலகை இருந்தால் சாய்தளம் கிடைத்துவிடும். பலகையின் ஒரு முனைக்குக் கீழே ஒரு புத்தகம் வைத்தால் பந்து எவ்வளவு தூரம் ஓடுகிறது? இரண்டு புத்தகம் வைத்தால்? தரையில் சாக்குத் துணியை விரித்தால்? கோடைக்காலத்தில் நுங்கு வண்டியும் இங்கே நிற்கலாம்.

இரண்டாவது, அடுக்குபவை. தச்சுப் பட்டறையில் கழிந்த மரத்துண்டுகள் கிடைக்கும். உப்புத்தாளால் சிராய் போகத் தேய்த்துக் கொடுங்கள். காலித் தீப்பெட்டிகளும் உதவும். இதில் உங்களுக்கும் ஒரு புதிர் உண்டு. ஒரே அளவுள்ள கட்டைகளை மேசை விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே நீட்டி அடுக்குங்கள். மேல் கட்டை தனக்குக் கீழுள்ளதைத் தாண்டித் தன் நீளத்தில் பாதி நீளலாம். அதற்கு அடுத்தது கால் பங்கு, அடுத்தது ஆறில் ஒன்று, அதற்கும் அடுத்தது எட்டில் ஒன்று நீளலாம். கூட்டிப் பாருங்கள், ஒன்றைத் தாண்டிவிடும்! அதாவது நான்கு கட்டைகளிலேயே மேல் கட்டை முழுவதும் மேசைக்கு வெளியே நிற்க முடியும். கை நடுங்கினால் ஐந்தாவது கட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அளப்பவை. இரண்டு கொட்டாங்கச்சி, ஒரு குச்சி, சிறிது நூல் இருந்தால் தராசு தயார். பழைய ஆழாக்கு, டம்ளர், புனல் இவற்றையும் போடுங்கள். தண்ணீர் விளையாட்டை வாசலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, ஆடுபவையும் ஒலிப்பவையும். அட்டைப்பெட்டியில் ரப்பர் வளையங்களை மாட்டினால் வீணை. டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டு மூடியை இறுக ஒட்டினால் கிலுகிலுப்பை. பழைய பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக அறுத்து, அடியில் களிமண்ணை அப்பி, மேலே காகிதக் கூம்பை ஒட்டினால் தஞ்சாவூர்ப் பொம்மைபோல் தள்ளத் தள்ள எழுந்து நிற்கும். அடிப்பகுதி கனமாக இருப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கிறது, அதுதான் இரகசியம். நூலில் ஒரு பூட்டைக் கட்டி ஊசல் ஆட்டுங்கள். நீளம் 25 செ.மீ. என்றால் ஒரு முறை போய்வர ஏறத்தாழ ஒரு வினாடி. இரண்டு வினாடி ஆக வேண்டுமானால் நூல் 50 செ.மீ. போதாது, ஒரு மீட்டர் வேண்டும். ஏன் என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.

நான்கு பெட்டிகளையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். இரண்டை வெளியே வைத்து, இரண்டைப் பரணில் ஏற்றி, வாரம் ஒரு முறை மாற்றுங்கள். பரணிலிருந்து இறங்கும் பெட்டி குழந்தைக்குப் புதுப்பெட்டிதான்! விளையாடி முடித்ததும் பொருள்களை அந்தந்தப் பெட்டியில் குழந்தையே எடுத்து வைக்கட்டும். வகைப்படுத்துவது அறிவியலின் முதல் பாடமல்லவா?

இவை கட்டாயம்

மலிவாக அமைக்கலாம், ஆனால் அஜாக்கிரதையாக அமைக்கக் கூடாது. மூலை அடுப்புக்கும், மின் இணைப்புப் பலகைக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் தொலைவில் இருக்க வேண்டும். மூன்று வயது நிரம்பாத குழந்தை வீட்டில் இருந்தால், சுமார் 3 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் அங்கே கிடக்கலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கடிகாரத்திலும் சிறு பொம்மைகளிலும் இருக்கும் பொத்தான் வடிவ மின்கலங்கள் மிகவும் ஆபத்தானவை. விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடும். ஒரு சாணுக்கு மேல் நீளமான நூலை, நீங்கள் உடனில்லாதபோது வெளியே விட்டுவைக்காதீர்கள். பழைய மரச்சாமான்களின் உரிந்த வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் அரசு விதி வகுத்ததே 2016இல்தான். ஆகவே வண்ணம் பூசாத மரத்துண்டே நல்லது.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் என்ன வாங்கலாம்? ஒரு நல்ல பந்து, சாக்குக்கட்டிப் பெட்டி ஒன்று, முனை மழுங்கிய கத்தரிக்கோல். இவற்றை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் இவற்றுக்கு மாறிகள் ஏராளம். கடைப் பொம்மையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பணம் இல்லை என்பதால் குழந்தைக்கு விளையாட்டும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலையை அமைத்த பின் ஆசிரியராகிவிடாதீர்கள். "அப்படி இல்லை, இப்படி வை" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் குழந்தையிடமிருந்து ஒரு மாறியைப் பிடுங்கிக்கொள்கிறோம். கோபுரம் சரியட்டும், மறுபடி அடுக்கட்டும். கேட்டால் மட்டும் உதவுங்கள்.

"பொதுத்தேர்வு எழுதும் எனக்கு இதற்கு நேரம் ஏது?" என்கிறீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும். அந்தப் பிற்பகலில் சாய்தளம், நெம்புகோல், ஊசல், ஈர்ப்பு மையம் என்று உங்கள் பாடத்தில் பாதி உங்கள் கையிலேயே நடந்து முடிந்திருக்கும். வரும் ஞாயிறன்று நான்கு பெட்டிகளோடு தொடங்குங்கள். முதல் கட்டை சரிந்து விழும் சத்தத்துக்கு வீட்டில் யாராவது அதட்டினால், குழந்தையின் பக்கம் நின்று பேசுவதும் உங்கள் பொறுப்பே.