பெட்டிமுடி முதல் பாரிஸ் வரை: காலநிலை ஒப்பந்தங்களில் லயத்து வீட்டுக்கு இடம் இருக்கிறதா?

2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு, இடுக்கி மாவட்டம் ராஜமலை அருகே உள்ள பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே தமிழர்கள். பல குடும்பங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். கரன்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை, சாலையும் துண்டிக்கப்பட்டிருந்தது. விஷயம் வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது.

இதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே, 2015 டிசம்பரில், உலக நாடுகள் பாரிஸில் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டிருந்தன. அதன் 8-வது பிரிவில் 'இழப்பும் சேதமும்' என்று ஒரு சொல் இருக்கிறது. காலநிலை மாற்றத்தால் ஏற்பட்டு, இனித் திருப்பிக் கொண்டுவர முடியாத பாதிப்புகளைக் குறிக்கும் சொல் அது.

பெட்டிமுடி போன்ற ஓர் இடத்துக்கு அந்தச் சொல்லால் என்ன பயன்? ஒவ்வொரு நவம்பரிலும் காலநிலை மாநாடு பற்றி நியூஸ் வரும்போது 'நெட் ஜீரோ', '1.5 டிகிரி', 'காப்' என்று வரிசையாக வார்த்தைகள் வந்து விழும். படித்துவிட்டுக் கடந்துபோய்விடுவோம். அந்த வார்த்தைகளை இடுக்கி மலையிலும் பாலக்காட்டு வெயிலிலும் வைத்துப் பார்த்தால், அவற்றில் எது யாருக்கு உதவுகிறது என்பது புரிய ஆரம்பிக்கும்.

வானிலை வேற, காலநிலை வேற

இன்றைக்கு மூணாறில் மழை பெய்யுமா என்பது வானிலை. மூணாறில் ஜூலை மாதம் பொதுவாக எவ்வளவு மழை பெய்யும் என்பது காலநிலை. வழக்கமாக 30 ஆண்டு சராசரியை வைத்து இதைக் கணக்கிடுவார்கள். அதனால்தான் 'ஒருநாள் குளிரா இருக்கே, வெப்பமயமாதல் எங்கே?' என்ற கேள்வி எடுபடாது.

அந்தச் சராசரி ஏன் மாறுகிறது? நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிக்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. இப்படிப்பட்ட வாயுக்களுக்குத்தான் பசுமைக்குடில் வாயுக்கள் என்று பெயர். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சம் பங்குக்கு சுமார் 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 2024-ம் ஆண்டின் உலக சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம் என்கிறது உலக வானிலை அமைப்பு.

ஒன்றரை டிகிரிதானே என்று தோன்றலாம். இங்கேதான் மழைக் கணக்கு வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால், அதனால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும். கொட்டும்போது அதுவும் சேர்ந்து கொட்டும். வருடத்தின் மொத்த மழை பெரிதாக மாறாவிட்டாலும், மூன்று வாரத்தில் பெய்ய வேண்டியது மூன்று நாளில் பெய்யும் வாய்ப்பு கூடுகிறது. 2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளம் முழுக்க இயல்பைவிட 42 சதவீதம் கூடுதல் மழை பெய்தது. இடுக்கியில் மட்டும் அது 92 சதவீதம் கூடுதல். 26 ஆண்டுகளாக மூடியிருந்த இடுக்கி அணையின் மதகுகள் அந்த ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டன.

எல்லாத்துக்கும் காலநிலைதான் காரணமா?

இல்லை. மலைச்சரிவுக்கு மழை ஒரு காரணம். சரிவின் கோணம், மண்ணின் ஆழம், காடு போய்த் தோட்டம் வந்தது, சாலைக்காக மலையை வெட்டியது, வீடுகளை எந்த இடத்தில் கட்டினார்கள் என்பது எல்லாம் சேர்ந்துதான் விபத்து பேரழிவாக மாறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தெந்தப் பகுதி எவ்வளவு நொய்மையானது என்று மாதவ் காட்கில் குழு 2011-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது.

அப்படியென்றால் புவி வெப்பமயமாதலின் பங்கு எவ்வளவு? அதைக் கணக்கிடும் துறைக்குக் 'காரணம் பிரித்தறியும் ஆய்வு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இன்றைய உலகத்தையும், வெப்பமயமாதல் நடக்காத கற்பனை உலகத்தையும் கணினி மாதிரிகளில் ஓட்டி, இரண்டிலும் அதே மழை எப்படிப் பெய்திருக்கும் என்று ஒப்பிடுவார்கள். இதே மலைத்தொடரில் வடக்கே, வயநாட்டில் 2024 ஜூலை 30-ம் தேதி நடந்த மலைச்சரிவுக்கு 'வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன்' குழு இந்தக் கணக்கைப் போட்டது. அந்த ஒருநாள் மழை, காலநிலை மாற்றத்தால் சுமார் 10 சதவீதம் தீவிரமானது என்பது அவர்கள் முடிவு. மலைப் பகுதிகளில் மாதிரிகளின் துல்லியம் குறைவு என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே சொன்னார்கள்.

இந்த 10 சதவீதம் வெறும் விஞ்ஞானத் தகவல் கிடையாது. 'இந்த இழப்பில் உலகத்துக்கும் பங்கு உண்டு' என்று கேட்பதற்கான ஆதாரம்.

ரியோ, கியோட்டோ, பாரிஸ்: மூன்று நிறுத்தங்கள்

1992-ல் ரியோ டி ஜெனிரோவில் ஐ.நா. காலநிலை மாற்றப் பணித்திட்ட உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1994-ல் நடைமுறைக்கு வந்தது. 'பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் சம அளவில் இல்லை' என்பது இதன் அடிப்படை. நூறு வருடங்களுக்கு மேல் கரியை எரித்து வளர்ந்த நாடும், இப்போதுதான் கிராமத்துக்குக் கரன்ட் கொடுக்கும் நாடும் ஒன்றல்ல என்ற நியாயம். இன்றும் இந்தியாவின் தனிநபர் கார்பன் உமிழ்வு உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. இந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஆண்டுதோறும் கூடும் மாநாடுதான் 'காப்'.

1997-ல் கியோட்டோ நெறிமுறை. பணக்கார நாடுகளுக்கு மட்டும் கட்டாயக் குறைப்பு இலக்கு வைத்தது. அமெரிக்கா கடைசிவரை அதை ஏற்கவில்லை.

2015-ல் பாரிஸ். இங்கே விளையாட்டின் விதியே மாறியது. இலக்கை யாரும் மேலிருந்து திணிக்க மாட்டார்கள். ஒவ்வொரு நாடும் தானே தன் இலக்கை எழுதிக் கொடுக்கும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைக் கூட்டும். வெப்பநிலை உயர்வை 2 டிகிரிக்கு வெகுவாகக் கீழேயும், முடிந்தால் 1.5 டிகிரிக்குள்ளும் நிறுத்துவது பொது இலக்கு. 2030-க்குள் பொருளாதார உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆகும் உமிழ்வை 2005 அளவிலிருந்து 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா 2022-ல் சொன்னது. 2070-ல் நெட் ஜீரோ, அதாவது வெளியிடும் அளவும் உறிஞ்சும் அளவும் சமமாகும் நிலை.

எழுதிக் கொடுத்ததைச் செய்யாவிட்டால்? அபராதம் எதுவும் இல்லை.

மூன்று வார்த்தைகள், மூன்று காலங்கள்

ஒப்பந்தங்களின் மொத்தப் பேச்சும் மூன்று சொற்களுக்குள் அடங்கும்.

தணிப்பு: உமிழ்வைக் குறைப்பது. சோலார், காற்றாலை, மின்வாகனம் எல்லாம் இதில் வரும். நாளைய பாதிப்பைத் தடுக்கும் வேலை.

தகவமைப்பு: வரப்போவதற்குத் தயாராவது. பெட்டிமுடி போன்ற மேடுகளில் மழைமானி, முன்னெச்சரிக்கை, சிக்னல் போனாலும் வேலை செய்யும் தகவல் தொடர்பு, ஆபத்தான சரிவிலிருந்து வீடுகளை மாற்றுவது.

இழப்பும் சேதமும்: இந்த இரண்டும் தவறிய பிறகு மிஞ்சுவது. போன உயிர், போன நிலம், போன பிழைப்பு.

முதல் சொல்லில் முதலீட்டாளருக்கு லாபம் இருக்கிறது. சோலார் பூங்காவில் போட்ட பணம் திரும்பி வரும். இரண்டாவதில் லாபம் குறைவு. மூன்றாவதில் லாபமே கிடையாது. பணமும் அதே வரிசையில்தான் வந்திருக்கிறது. 2015-ல் பாரிஸில் 8-வது பிரிவைச் சேர்த்தபோதே, இதை வைத்து இழப்பீடோ சட்டப் பொறுப்போ கோர முடியாது என்று கூடவே ஒரு முடிவையும் எழுதிவைத்தார்கள்.

2022-ல் எகிப்து மாநாட்டில்தான் இதற்கென ஒரு நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். 2023 நவம்பர் 30-ம் தேதி துபாயில் அது செயல்பாட்டுக்கு வந்தது. தொடக்கத்தில் வந்த வாக்குறுதிகள் சுமார் 70 கோடி டாலர், நம் மதிப்பில் சுமார் 6,000 கோடி ரூபாய். பெரிய தொகை மாதிரித் தெரிகிறதா? 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் மீண்டெழ ஐ.நா. அமைப்புகள் போட்ட மதிப்பீடு மட்டுமே சுமார் 31,000 கோடி ரூபாய். ஒரு மாநிலத்தின் ஒரே ஒரு வெள்ளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் மொத்த உலகமும் சேர்ந்து வாக்குக் கொடுத்தது. 2025 மார்ச்சில் அமெரிக்கா இந்த நிதியத்தின் வாரியத்திலிருந்தே விலகிக்கொண்டது.

கடனா, மானியமா?

2024-ல் பாகு மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்ட வளர்ந்த நாடுகள் முன்னின்று உதவும் என்று முடிவானது. இது போதாது என்று இந்தியா அங்கேயே எதிர்ப்புத் தெரிவித்தது. இதுவரை வந்த காலநிலை நிதியில் பெரும்பகுதி கடனாகவே வந்திருக்கிறது, நாங்கள் உண்டாக்காத பிரச்சினைக்கு நாங்களே கடன் வாங்க வேண்டுமா என்பது வளரும் நாடுகளின் வாதம். நியாயமான வாதம்தான்.

இப்போது அதே கேள்வியை நம் வீட்டுக்குள் கேட்டுப் பாருங்கள். வயநாடு மறுவாழ்வுக்குக் கேரளம் மானியம் கேட்டது. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது 529.50 கோடி ரூபாய்க்கான வட்டியில்லா நீண்டகாலக் கடன். பிறகு அந்த அக்டோபரில் சுமார் 260 கோடி ரூபாய் உதவி ஒப்புதலானது. உலக மேடையில் நாம் கேட்பதும், உள்ளே மாநிலம் கேட்பதும் ஒரே கேள்விதான்.

போட்டோவில் தெரியாத பேரிடர்

மலைச்சரிவு ஒரே இரவில் நடக்கும். கேமரா போகும், தலைவர்கள் போவார்கள். வெயில் அப்படி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். கோடையில் தமிழ்நாட்டுச் சமவெளியின் வறண்ட காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வரும். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டியது; இந்திய வானிலை ஆய்வு மையம் வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால் அது வெப்ப அலை.

அந்தக் கோடையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்களும் கருகின. ஏலம் நிழலும் ஈரமும் கேட்கும் செடி. போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கமிருந்து ஜீப்பில் மலையேறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக அன்றாடம் வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு இதன் அர்த்தம் நேரடியானது: செடி இல்லை என்றால் வேலை இல்லை. விளைச்சல் குறைந்தால் ஏல விலை ஏறும். செடி தப்பிய தோட்டக்காரருக்கு அதில் கொஞ்சமாவது ஈடு கிடைக்கும். பயிர்க் காப்பீடும் பயிர் வைத்திருப்பவருக்குத்தான். கூலி போன நாளுக்கு எந்தப் படிவமும் கிடையாது.

கேரளத்தில் கோடையில் பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று உத்தரவு போடுகிறார்கள். நல்ல தகவமைப்பு. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. ஆனால் சாவு நடந்தால்தான் இழப்பு என்று கணக்கு வைத்தால், கருகிய ஒரு சீசன் எதிலும் வராது.

யாருடைய பெயரில் இழப்பு?

ஒப்பந்தங்கள் நாடுகளோடு பேசுகின்றன. நிவாரணம் பட்டாவோடு பேசுகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் எல்லைப்புறத் தொழிலாளர்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் வீடு. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு மண்ணுக்குள் போனாலும், காகிதத்தில் அவர்கள் எந்தச் சொத்தையும் இழக்கவில்லை. தினமும் மலையேறுபவர் குடியிருப்பது ஒரு மாநிலம், பிழைப்பு இழந்தது இன்னொரு மாநிலம்.

பெட்டிமுடிக்கு மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து நடந்தது. அங்கே இறந்தவர்கள் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். அப்போதே பலர் கேட்டார்கள், ஏன் இந்த வித்தியாசம் என்று. ஓர் இழப்புக்கு விலை போடும் அளவுகோல் எங்கும் எழுதப்படாதபோது, யாருடைய குரல் கேட்கிறதோ அவர்களுக்குச் சாதகமாக அது சாயும்.

அடுத்த மாநாட்டுச் செய்தியில் எதைப் பார்க்க வேண்டும்?

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் மாநாட்டில், தகவமைப்பு நிதியை 2035-க்குள் மூன்று மடங்காக்க அழைப்பு விடுத்தார்கள். அதற்கு முன், ஜூலை 23 அன்று, சர்வதேச நீதிமன்றம் காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று ஆலோசனைக் கருத்து சொன்னது. கட்டுப்படுத்தாது, ஆனால் வாதாட உதவும். இழப்பு நிதியம் முதல் கட்டமாக 25 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. அதில் குறைந்தது பாதி சிறு தீவுகளுக்கும் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கும்.

ஆக, அடுத்த முறை ஒரு பெரிய தொகையை ஹெட்லைனில் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது தணிப்புக்கா, தகவமைப்புக்கா, இழப்புக்கா? கடனா, மானியமா? மூன்றாவது முக்கியம்: சொந்த வீடோ நிலமோ பெயரில் இல்லாத ஒருவர் இதைப் பெற என்ன காகிதம் காட்ட வேண்டும்?

கடைசிக் கேள்விக்குப் பதில் ஜெனீவாவிலோ பெலெமிலோ எழுதப்படாது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் டெல்லியிலும்தான் எழுத முடியும். தோட்டத்து மஸ்டர் ரோலையும், எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களின் பதிவையும் இழப்புக்கான ஆதாரமாக ஏற்றுக்கொள்ள இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசினால் போதும். அதற்கு எந்த சர்வதேச மாநாட்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.