அத்தையின் உடம்பு எதையும் சொல்லவில்லை, ஐயா

கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்து நீங்கள் பேசிய இரண்டு மணி நேரத்தையும் முழுக்கக் கேட்டேன். சுகர் நோயே இல்லை, மாத்திரைக் கம்பெனிகள் கட்டிவிட்ட கதை; மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு உடம்பு சொல்வதைக் கேளுங்கள் என்றீர்கள். கைதட்டினார்கள். இதைப் புதுச்சேரியில் நின்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில், பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்று கோவாவுக்கு அடுத்த இடத்தில் நின்ற யூனியன் பிரதேசம் இது. உங்கள் எதிரே போட்டிருந்த நாற்காலிகளில் நாலுக்கு ஒன்று.

முதலில் அந்தக் கம்பெனிக் கதை. மெட்ஃபார்மினை அமெரிக்கச் சதி என்றீர்கள். அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1957-இல் எழுதியவர் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன். ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் இருந்த கலேகா என்ற செடியை ஆராயப்போய்க் கிடைத்த வழி அது. அமெரிக்கா அனுமதித்ததே 1994-இல்தான். இன்று யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். மிக மலிவான மாத்திரைகளில் ஒன்று.

வெறும் வயிற்று அளவை 140-இலிருந்து 126-ஆகக் குறைத்து நோயாளிகளைப் பெருக்கினார்கள் என்பது அடுத்தது. 1997-இல் குறைத்தது உண்மை. ஏன் குறைத்தார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். எகிப்தியர், பீமா பழங்குடியினர், அமெரிக்கர் என மூன்று கூட்டத்தாரின் கண்களைச் சோதித்ததில், 140-ஐத் தொடும் முன்பே விழித்திரையில் சேதம் கூடத் தொடங்கியது தெரிந்தது. அதனால் குறைத்தார்கள்.

மாத்திரையால் லோ சுகர் வருகிறது என்றீர்கள். பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வேளைக்குச் சாப்பிடாவிட்டால் அளவு 70-க்குக் கீழே போகும். 54-க்குக் கீழே போனால் பேச்சு குழறும், நினைவு தப்பும். சிறுநீரகம் பழுதான முதியவருக்குச் சர்க்கரை கொடுத்து எழுப்பிய பிறகும் அது திரும்ப இறங்கலாம். இதற்கு மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும், அளவைக் குறைக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி இறங்குவது அரிது. நீங்களோ எந்த மாத்திரை என்று ஒருவரையும் கேட்காமல், மண்டபம் முழுவதையும் மூன்று நாள் பட்டினி இருக்கச் சொன்னீர்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடியது, 'உடம்பு சொல்லும்' என்ற வாக்கு. முத்தியால்பேட்டையில் என் அத்தை, போன வருடம் கத்திரி வெயிலில், உங்களைப் போல ஒருவர் பேச்சைக் கேட்டு இன்சுலினை நிறுத்தினார். தாகம் எடுத்தது. வெயில் என்று நினைத்து இளநீரும் சர்பத்துமாகக் குடித்தார். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து போனார். 'கழிவு வெளியேறுது' என்று சந்தோஷமாகச் சொன்னார். அதுவும் மேடையில் கேட்ட வார்த்தைதான். ரத்தத்தில் அளவு ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் இறங்கும், இறங்கும்போது உடம்பின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆறாம் நாள் காலை மகனைப் பார்த்து, செத்துப்போன தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாக்கு மரப்பட்டை மாதிரி காய்ந்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் மீட்டரில் எண்ணே வரவில்லை. 600-ஐத் தாண்டினால் அந்தக் கருவி 'ஹை' என்று மட்டும்தான் காட்டும். அவசரப் பிரிவில் நான்கு நாள் சலைன் ஏற்றி மீட்டார்கள்.

அந்த ஆறு நாளும் அவர் உடம்பு சொன்னதைத்தான் கேட்டார், ஐயா. அது வெயில் என்றது, அசதி என்றது. சர்க்கரை அளவு இறங்கும்போதும் அதே கதிதான்: பல வருடம் சர்க்கரையோடு வாழ்ந்தவர்களில் பலருக்கு வியர்வையும் படபடப்பும் வராமலே நினைவு தவறும். உடம்பு வாய் திறக்காத இடத்தில் பேசுகிற ஒரே சாட்சி அந்த மீட்டர். அதைத்தான் தூக்கிப் போடச் சொன்னீர்கள்.

அன்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாளைக் காலை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் சுகர் பாருங்கள். நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. வாந்தியோ, மூச்சு வாங்குவதோ, பேச்சில் தடுமாற்றமோ இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.