அறுவைக்குப் பின் ஏறும் நொதிகள்



புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய ரத்தப் பரிசோதனையில் நொதிகள், அதாவது உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், உயர்ந்திருந்தால் நோய் திரும்பிவிட்டதாகவே பலரும் அஞ்சுகின்றனர். கத்தி பட்ட தசையிலிருந்து கிரியேட்டின் கைனேஸும், கல்லீரலின் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டால் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. ஆகிய கல்லீரல் நொதிகளும் ரத்தத்தில் கசிந்து ஏறுவதும், பெரும்பாலும் சில நாட்களில் தணிவதும் இயல்பே. அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகும், உயர்வைக் காட்டும் அம்புக்குறி இந்தக் காரணத்தைச் சொல்வதில்லை.

அறுவையால் நொதி சரிந்த வரலாறும் உண்டு. சிகாகோவில் மருத்துவர்கள் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் 1941இல் வெளியிட்ட ஆய்வில், பரவிய புராஸ்டேட் புற்றுநோய் கொண்டவர்களின் விரைகளை அகற்றியதும், புற்றுச் செல்கள் சுரக்கும் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற நொதி குறைந்தது. எலும்பு உருவாக்கத்தோடு தொடர்புடைய ஆல்கலைன் பாஸ்பட்டேஸோ முதலில் ஏறி, பிறகே இறங்கியது. தேறிவரும் உடலிலேயே ஒரு நொதி ஏறியது என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசும் கிடைத்தது.

புராஸ்டேட் புற்றுநோயைக் கண்காணிக்க இன்று அளக்கப்படும் பி.எஸ்.ஏ.வும் புரதத்தைப் பிளக்கும் நொதியே. ரத்தத்தில் அது பாதியாகக் குறைய இரண்டு மூன்று நாட்கள் ஆவதால், புராஸ்டேட் சுரப்பியை முழுமையாக அகற்றிய மறுவாரமே எடுக்கும் பரிசோதனை வீண் கலக்கத்தைத்தான் தரும். ஆறு வாரங்களேனும் பொறுத்து அளப்பதே மருத்துவ வழக்கம்.

– வாசகர் ஒருவர்