ஸ்பானிஷ் வந்தால் தமிழ் வெளியே போகணுமா?

இங்கே அமெரிக்காவில், பிள்ளை பள்ளியில் ஸ்பானிஷ் எடுத்ததுமே வீட்டில் தமிழை நிறுத்துகிறார்கள் சில பெற்றோர். குழம்பிவிடுமாம்! எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை மக்களே.

ஒப்பிட்டுச் சொல்வதையே பாருங்கள். ஆங்கிலத்தில் 'டீப், டீப்பர், டீப்பஸ்ட்' என்று சொல்லே மாறும். நமக்கு? கோலார் தங்கவயலில் என் ஊர் பாலகாட். 'பாலகாட்டை விட சாம்பியன் ரீஃப் ஆழம்' என்போம் (3 கிலோமீட்டருக்கும் மேல்!). ஆழம் ஆழமாகவே இருக்கும். ஸ்பானிஷிலும் ஒப்பிடும்போது 'ப்ரொஃபுந்தா' மாறாது. முன்னால் 'மாஸ்', நம்ம 'விட'வுக்கு 'கே': 'சாம்பியன் ரீஃப் எஸ் மாஸ் ப்ரொஃபுந்தா கே பாலகாட்'. 'லா மாஸ் ப்ரொஃபுந்தா' என்றால் இருப்பதிலேயே ஆழமானது. அவ்வளவுதான்.

'மெஹோர்' (இன்னும் நல்ல), 'பெயோர்' (இன்னும் மோசமான) போன்ற சிலவற்றோடு மட்டும் 'மாஸ்' சேராது. அதை மனப்பாடம் செய்யணும். அதற்குத் தமிழ் என்ன பாவம் செய்தது?

பாலகாட் லைன் வீடுகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்தே வளர்ந்தோம். யாரும் குழம்பவில்லை. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள், எங்களைக் கேட்கவில்லை. வீட்டுத் தமிழை மூடுவது நாமேதான். யோசியுங்கள்.