உப்புத் தின்ற துப்பாக்கி

மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். வீடு வாங்குகிறவன் வில்லங்கம் பார்க்கிறான். பழைய துப்பாக்கி வாங்குகிறவன் மட்டும் அதன்மேல் செதுக்கிய சித்திர வேலையைக் கண்டு மயங்கிவிடுகிறான். மற்றப் பண்டங்களில் ஏமாந்தால் பணத்தோடு போயிற்று. இதில் ஏமாந்தால் கையும் கண்ணும் போகக்கூடும்.

பறவை வேட்டைக்கும், விசையால் வீசியெறியப்படும் களிமண் தட்டுகளைச் சுடும் பந்தயத்துக்கும் பெரிதும் விரும்பப்படுவது, ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல்கள் அமைந்த துப்பாக்கி. குழல்கள் பக்கம் பக்கமாக இருந்தால் கண்ணுக்கெதிரே அகலமாகத் தெரியும். மேலும் கீழுமாக இருந்தாலோ ஒரு குழலின் அகலந்தான். குறி பார்ப்பது எளிது. நம் நாட்டில் வேட்டைப் பொழுதுபோக்குக்கு 1972-ஆம் வருஷத்துச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. தட்டுப் பந்தயமோ இருந்து வருகிறது. 2004-ல் ஆதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளிப் பதக்கம் பெற்றது அதில்தான்.

இவ்வகைத் துப்பாக்கிகளில் பிரசித்தமான ஒன்று, அமெரிக்கரான ஜான் பிரௌனிங் அமைத்த 'சூப்பர்போஸ்டு'. 1926-ல் அவர் பெல்ஜியத்தில் காலமானார். அவருடைய புதல்வர் வால் பிரௌனிங் வேலையைத் தொடர்ந்தார். 1931-ல் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் கைமாறும் பழைய துப்பாக்கிகளில் இதற்கு இன்றும் தனி மதிப்புண்டு. ஆயினும் இதன் சரித்திரமே வாங்குவோருக்கு ஒரு பாடம்.

1960-களின் பிற்பகுதியில் கிராக்கி ஏறிற்று. அடிக்கட்டைக்கான வால்நட் மரத்தை இயற்கையாக உலரவிடப் பொறுமை இல்லை. மரத்தை உப்பில் புதைத்து ஈரத்தை விரைவாக உறிஞ்சச் செய்தார்கள். மரம் உலர்ந்தது, உப்போ மரத்துக்குள் தங்கிவிட்டது. உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்? அந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த எஃகு துருவேறி அரிக்கப்பட்டது. வெளியே மெருகு குலையாமல் உள்ளே அரித்துப்போனவை பல. கம்பெனியே பலருக்கு மரத்தை மாற்றிக் கொடுக்க நேர்ந்தது.

ஆகையால் அக்காலத்துத் துப்பாக்கியானால், அடிக்கட்டையின் முனைத் தகட்டிலுள்ள திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். அதில் துரு இருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. மெருகு படாத உள்மரத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு துளி விட்டால், உப்பு இருக்குமிடம் வெள்ளையாகிவிடும். பள்ளிக்கூடத்து ரசாயனப் பாடம் இப்படியும் பயன்படுகிறது!

எந்தத் துப்பாக்கிக்கும் பொதுவான சோதனைகள் சில உண்டு. முதலில் தோட்டா இல்லையென்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். பிறகு திறந்து, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே நிழல் வளையங்கள் வட்டமாகத் தெரியும். வளையம் எங்கே கோணுகிறதோ அங்கே நெளிவோ வீக்கமோ உண்டு. மூடிய துப்பாக்கி சிறிதும் ஆட்டங்காணக் கூடாது. 12-ஆம் எண் தோட்டா வெடிக்கையில் சதுர அங்குலத்துக்கு 11,500 ராத்தல் வரை அழுத்தம் எழலாம். அதைத் தாங்குவது கன்னத்துக்குச் சில அங்குல தூரத்திலுள்ள இரும்பு என்பதை மறக்கலாகாது.

இன்னொன்று: அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தேசமெங்கும் தடுக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக வந்த எஃகு ரவை கடினமானது; பழைய சூப்பர்போஸ்டில் அதைப் பிரயோகிக்க வேண்டாமென்று பிரௌனிங் கம்பெனியாரே எச்சரிக்கிறார்கள். வாத்து வேட்டைக்கென்று வாங்குகிறவர் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

விற்கிறவர் நாணயமானவராயின், திருகாணியைக் கழற்றிக் காட்டச் சம்மதிப்பார். "அதெல்லாம் எதற்கு, வேலைப்பாட்டைப் பாருங்கள்" என்பாராயின், வேலைப்பாட்டைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, பணப்பையைத் திறவாமலே வீடு திரும்புவது உத்தமம்.