மருந்தடிப்பவரையும் கேளுங்கள்

பூச்சிமருந்துக் கடையின் உரிமத்தை ரத்து செய்யுமுன் கடைக்காரரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அவர் மேல்முறையீடும் செய்யலாம் என்கிறது 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். இது நியாயம்தான், நாம் எதிர்க்கவில்லை. ஆனால், முதுகில் டேங்க் சுமந்து மருந்தடிக்கும் நம் கூலித் தொழிலாளியிடம் யார் விளக்கம் கேட்டார்கள்?

மருந்தடிப்பவருக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. சேரியிலிருந்து போகிறவருக்கு இருப்பதோ தலைத்துண்டு மட்டுமே. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூரிலும் உயிர்கள் போயின.

மருந்து பாதிப்புகளைத் தெரிவிக்கும்படி உத்தரவிட மாநில அரசுக்கு அச்சட்டத்தின் 26-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு பாதிப்பும் பதிவாகட்டும். விசாரணையில் கூலியாளும் சாட்சி சொல்லட்டும். கடைக்காரருக்குக் கிடைக்கும் நியாயம் நமக்கும் வேண்டும்.