காலடியில் உறங்கும் வெப்பம்

காவிரியின் கடைமடையாகிய காரைக்கால், மண்ணின் மேற்பரப்பை நெல்லுக்கும் அதன் ஆழத்தை எரிவாயுவுக்கும் வழங்கிய பகுதி. திருமலைராயன்பட்டினத்தில் 2000ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய 32.5 மெகாவாட் மின்நிலையம் இவ்வட்டார எரிவாயுவை நம்பி நிறுவப்பட்டதே. எரிவாயு ஒருநாள் தீரும். கிணற்றின் அடியிலுள்ள வெப்பமோ நெடுங்காலம் நிற்கும். அதனை நாம் எண்ணிப் பார்த்தோமா?

புவிவெப்பம் என்றதும் நிலத்தடி நீராவி பீறிடும் நாடுகளே நினைவுக்கு வரும். இத்தாலியின் லார்டரெல்லோவில் 1904ஆம் ஆண்டு அந்நீராவியால் ஐந்து மின்விளக்குகள் எரிந்தன. இந்தோனேசியாவும் துருக்கியும் இன்று அவ்வாறே பெருமளவில் மின்சாரம் ஆக்குகின்றன. காரைக்கால் வட்டாரத்தில் எரிவாயு எடுக்கும் ஓ.என்.ஜி.சி. நிறுவனமே, லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் 1 மெகாவாட் புவிவெப்ப மின்நிலையம் அமைக்க 2021ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்தது.

நம் சமவெளியில் அத்தகைய கொதிநிலை இல்லை. எனினும் காரைக்காலார் பலர் குடியேறி வாழும் பிரான்சு நமக்கு வழிகாட்டுகிறது. பாரிஸ் வட்டாரமும் நம்முடையதைப் போலப் படிவுப் பாறைகள்மேல் அமைந்த நிலமே. அங்கே மெலூன் நகரில் 1969 முதல், 1,500 மீட்டருக்கும் கீழிருந்து வெந்நீரை ஒரு கிணற்றால் எடுத்து, வெப்பத்தை மட்டும் பெற்றுக்கொண்டு, உவர்நீரை மறுகிணற்றால் ஆழத்துக்கே திருப்பி அனுப்புகின்றனர். அவ்வெப்பம் வீடுகளுக்குப் பயன்படுகிறது.

நமக்கு வீட்டைச் சூடாக்கும் தேவையில்லை. நெல்லை உலர்த்தும் தேவை உண்டு. குறுவை அறுவடையில் மழை குறுக்கிட்டால், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிய நெல்லுடன் உழவர் கொள்முதல் நிலைய வாயிலில் காத்துக் கிடக்கின்றனர். மீனவப் பெண்டிர் கருவாட்டை மழைக்கு இழக்கின்றனர். இவற்றை உலர்த்த மிதமான வெப்பமே போதும். பொதுவாக ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 பாகை வரை வெப்பம் உயர்கிறது. ஆதலின் இரண்டு கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் அவ்வெப்பம் கிட்டுதல் கூடும்.

மீண்டும் கிணறா என்று உழவர் அஞ்சுவது நியாயமே. நாம் புதுக்கிணறு கேட்கவில்லை. எரிவாயு தீர்ந்த கிணறுகளைச் சிமெண்டால் அடைக்குமுன், அவற்றின் வெப்பத்தையும் நீர்வரத்தையும் அளந்து மக்கள்முன் வைக்க வேண்டும் என்கிறோம். நீர்வரத்துப் போதாதெனில் அடைத்துவிடலாம். உவர்நீரில் ஒரு துளியும் வயலிலோ குடிநீரிலோ கலத்தலாகாது என்பதே முதல் நிபந்தனை.

நிலமும் நீரும் வெப்பமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். ஒன்றைப் பெற மற்றொன்றைக் கெடுப்பதும் தவறு. இருப்பதை அறியாமலே வீணாக்குவதும் தவறு. அறிவியல் பயிலும் நம் மாணவர்கள் இக்கணக்கைக் கையிலெடுப்பார்களாக!